திலாவாவிலிருந்து சௌக் வரை: பவுசர் ஓட்டுநர்களோடு ஒரு பயணம்

டிசம்பர் 9, 2019, திங்கள். தன்லின்

பர்மாவில் எண்ணெய் வண்டி ஓட்டுகிறவர்களின் கூலியையும் வேலை நிலைமையையும் உடனிருந்து பார்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சிரியம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் இந்தத் தன்லின் வட்டாரத்தில் எண்ணெய் ஆலையை நம்பிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. தாத்தா ஆலையில் கூலி, தகப்பனார் ஆலையில் ஃபிட்டர் என்று வந்த வீடுகளில், இப்போது பிள்ளைகள் பவுசர் என்னும் எண்ணெய்த் தொட்டி லாரி ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் வண்டியில்தான் இன்று காலை ஏறினேன். அவர் எங்கள் தெருக்காரர். என்னை மாமா என்று அழைப்பவர்; எனக்கு அவர் தம்பி. அவருடைய பெயரையோ முதலாளியின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய வேலைக்குத்தான் ஆபத்து.

வண்டி 5,000 கேலன் பிடிக்கும் பன்னிரண்டு சக்கர பவுசர். ஜப்பானில் ஓடித் தேய்ந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தது. ஏற்ற வேண்டியது பெட்ரோல். இறக்க வேண்டிய இடம் மாக்வே. ஒரு காலத்தில் எண்ணெய் இதற்கு எதிர்த் திசையில் வந்தது. ஏனாஞ்சாங் வயல்களில் எடுத்த கச்சா எண்ணெய், பர்மா ஆயில் கம்பெனி போட்ட 275 மைல் குழாய் வழியாகச் சிரியம் ஆலைக்கு வந்து, இங்கே சுத்திகரிக்கப்பட்டுக் கப்பல் ஏறியது. இன்று தன்லின், சௌக், தன்பயாகான் ஆகிய மூன்று ஊர்களிலுள்ள அரசாங்க ஆலைகளும் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் எண்ணெய் திலாவா துறைமுகத் தொட்டிகளில் இறங்குகிறது. அங்கிருந்து எண்ணெய் வயல் மாவட்டங்களுக்கும்கூட பவுசர்தான் அதைக் கொண்டுபோகிறது.

காலை ஏழு மணிக்கே திலாவா வாசலில் வண்டியை நிறுத்திச் சீட்டு வாங்கினோம். எங்களுக்கு முன்னால் வரிசை நீண்டு கிடந்தது. கப்பல் இன்னும் துறையில் கட்டவில்லை என்றார்கள். எப்போது கட்டும் என்று கேட்டதற்கு வாசல் காவலர் கையை மட்டும் விரித்தார். அவர்மேல் குறையில்லை, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"இன்னிக்கு ஏத்த மாட்டாங்க மாமா. நாளைக்கு ராத்திரி ஏத்தினாலே புண்ணியம்" என்றார் தம்பி.

மாலை வரை வண்டியின் நிழலில் உட்கார்ந்து அவருடைய கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மாதச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. மாக்வே போய் வந்தால் அவருக்கு இந்த நாட்டுப் பணத்தில் 60,000 சாட், உதவிக்கு வரும் ஸ்பேருக்கு 25,000 சாட். சாப்பாட்டுக்கும் வழிச்சுங்கத்துக்கும் முன்பணம் தனியாகக் கொடுப்பார்கள்; அதற்கு ரசீது காட்ட வேண்டும். போன உடனே ஏற்றி, போன உடனே இறக்கினால் மூன்று நாளில் திரும்பிவிடலாம். அப்படி அமைவது அபூர்வம். திலாவாவில் ஒன்றரை நாள், இறக்கும் இடத்தில் அரை நாள், சில வேளை ஒரு நாள் என்று காத்திருப்பு சேர்ந்துகொள்வதால் ஐந்து நாளாகிவிடுகிறது. கூலி மட்டும் அதே 60,000. காத்திருந்த நாளுக்குத் தனியாக ஒரு சாட்டும் இல்லை.

இந்த நாட்டில் 2018 மே மாதத்திலிருந்து குறைந்தபட்சக் கூலி எட்டு மணி நேரத்துக்கு 4,800 சாட், அதாவது மணிக்கு 600 சாட். ஸ்பேரின் 25,000 சாட்டை ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 5,000 வருகிறது. சட்டத்தைத் தாண்டிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பையன் நாளுக்கு எட்டு மணி நேரமா வண்டியோடு இருக்கிறான்? இரவு எண்ணெய் திருடு போகாமல் பார்த்துக்கொள்வதும் அவன்தான், விடியுமுன் எழுந்து டயரைத் தட்டிப் பார்ப்பதும் அவன்தான். பதினைந்து மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மணிக்கு 333 சாட்தான் தேறுகிறது. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று தொழிற்சாலைச் சட்டம் சொல்வதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அந்தக் குறைந்தபட்சக் கூலி இவர்களுக்குப் பொருந்துமா என்பதே வேறு கேள்வி. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது கட்டாயமில்லை. இந்த முதலாளியிடம் நான்கு வண்டிகள். ஓட்டுநரும் ஸ்பேருமாக எட்டுப் பேர். எண்ணெய் போக்குவரத்தில் சின்ன முதலாளிகள் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரிய எண்ணெய் வியாபாரிகள் வண்டிகளைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் இவர்களிடம் வாடகைக்கு எடுக்கும்போது, ஒரே வாசலில் ஒரே வரிசையில் நிற்கும் நூறு பேரும் எட்டு எட்டுப் பேராகப் பிரிந்து சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

டிசம்பர் 10, செவ்வாய். திலாவா

பகல் முழுவதும் காத்திருப்பு. வாசலுக்கு வெளியே ஓட்டுநர்களுக்கென்று கழிப்பறை இல்லை. தேநீர்க் கடைக்காரர் தம்முடையதைத் திறந்துவிடுவதால் மானம் பிழைக்கிறது. குடிதண்ணீரும் விலைக்குத்தான். எண்ணெய் வண்டி என்பதால் பக்கத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. அது சரியான விதிதான், ஆனால் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் சாப்பாட்டு முன்பணம் முதல் நாளிலேயே கரைந்துவிடுகிறது. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் தூளி கட்டித் தூங்குகிறார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு எங்கள் முறை வந்தது. என்னை உள்ளே விட மாட்டார்கள் என்றிருந்தேன். மேற்பார்வையாளர் தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்துத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். முதலில் மண்ணோடு இணைக்கும் கம்பியை வண்டியில் மாட்டுகிறார்கள். எண்ணெய் ஓடும்போது சேரும் மின்னேற்றம் பொறியாகிவிடாமல் இருக்க அது வேண்டும். பிறகு ஓட்டுநர் ஏணி வழியே தொட்டியின் மேல் ஏறி மூடியைத் திறக்கிறார். குழாய் உள்ளே இறங்கியதும், உள்ளே வரும் பெட்ரோல் அங்கிருந்த ஆவியை வெளியே தள்ளுகிறது. விளக்கு வெளிச்சத்தில் மூடிக்கு மேலே காற்று நெளிவது கண்ணுக்கே தெரிந்தது. தம்பி முகத்தைக் காற்றடிக்கும் பக்கம் திருப்பிக்கொண்டு குனிந்து, எண்ணெய் மட்டத்தைப் பார்த்தபடியே இருந்தார். வாயிலும் மூக்கிலும் ஒரு துணி. மேலே கைப்பிடிக் கம்பி கிடையாது. கீழே இறங்கியபோது அவருக்குத் தலை சுற்றுவதாகச் சொல்லிச் சக்கரத்தில் சாய்ந்து சற்று நேரம் உட்கார்ந்தார். "இது வழக்கந்தான் மாமா" என்றார்.

வழக்கம் என்று விட்டுவிடக்கூடியதல்ல அது. அமெரிக்க எண்ணெய் வயல்களில் 2010 முதல் 2014 வரை, கச்சா எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து மட்டம் பார்த்தபோதும் மாதிரி எடுத்தபோதும் ஆவியை உள்ளிழுத்து ஒன்பது பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு அரசு அமைப்புகளே 2016இல் எச்சரிக்கை வெளியிட்டன. அந்தத் தொட்டிகளும் திறந்தவெளியில்தான் இருந்தன. மூடியைத் திறக்காமலே மட்டம் காட்டும் கருவியும், கீழிருந்து ஏற்றும் குழாயும் உலகில் புதியவை அல்ல. அவற்றைப் பொருத்தப் பணம் செலவாகும். துணி கட்டிய மூக்குக்குச் செலவில்லை.

ஏற்றிய சீட்டில் 5,000 கேலன் என்றும் வெப்பநிலை 33 டிகிரி என்றும் அச்சாகியிருந்தது. அந்த 33ஐ நான் குறித்துக்கொண்டேன். ஏன் என்பதை மாக்வேயில் எழுதுகிறேன்.

டிசம்பர் 11, புதன். ப்ரோம்

நள்ளிரவுக்குப் பின் தகோன் பாலத்தைக் கடந்து, நகரத்தைச் சுற்றிக்கொண்டு தௌச்சான் சந்திக்கு வந்து, மண்டலே சாலையை வலப்புறம் விட்டுவிட்டு ப்ரோம் சாலையில் ஏறினோம். ரங்கூனிலிருந்து ப்ரோம் ஏறக்குறைய 180 மைல். பகலில் கனரக வண்டிகளுக்கு நகரத்துக்குள் கட்டுப்பாடு இருப்பதால், ஒன்றரை நாள் காத்துக் களைத்த மனிதர் தூங்க வேண்டிய நேரத்தில்தான் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது.

சாலையில் போகும்போது ஸ்பேரின் வேலை என்ன என்பது முழுதாகப் புரிந்தது. 1970 டிசம்பரிலிருந்து இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய லாரிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஸ்பேர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, வரலாம் என்று சொன்னால்தான் வண்டி வெளியே வர முடியும். எங்கள் ஸ்பேர் ப்ரோம் பக்கத்துப் பர்மியப் பையன், வயது பத்தொன்பது. "அகோ, வராதே, பஸ் வருது" என்று அவன் பர்மிய மொழியில் கத்திய ஒரு தருணத்தில், பெட்ரோல் நிறைந்த வண்டி மீண்டும் தன் தடத்துக்குள் ஒடுங்க, எதிர்பஸ்ஸின் காற்று எங்கள் கண்ணாடியை அதிரவைத்துவிட்டுப் போனது. மூன்று உயிர்களும் பஸ்ஸில் இருந்தவர்களின் உயிர்களும் அவன் கண் விழித்திருந்ததால் தப்பின. அந்தக் கண்ணுக்கு மணிக்கு 333 சாட்.

ஜோபின்காவுக்கில் தேநீருக்கு நிறுத்தினோம். தம்பியின் கண்கள் சிவந்திருந்தன. கடைசியாக எப்போது முழுதாகத் தூங்கினீர்கள் என்று கேட்டேன். வண்டிக்கு அடியில் தூங்கியதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று அவர் திருப்பிக் கேட்டார். வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து வண்டியை நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவர் முன்னே போய்விடுவார். அப்படிப்பட்ட நேரத்தை ஓய்வு என்று யாரால் சொல்ல முடியும்?

அமெரிக்காவில் சொல்கிறார்கள். அங்கே சரக்கு லாரி ஓட்டுநர் பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு, வேலைக்கு வந்த பதினான்கு மணி நேரத்துக்குள், பதினோரு மணி நேரம் வரைதான் வண்டி ஓட்டலாம். நல்ல விதி. ஆனால் எண்ணெய்க் கிணற்றுப் பணிக்கென்று தனியாக வடிவமைத்த வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தை அந்தப் பதினான்கு மணிக்குள் சேர்க்க வேண்டியதில்லை, பணியில் இல்லாத நேரமாக எழுதிக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் காத்திருந்தவர் அதற்குப் பிறகும் நெடுந்தூரம் ஓட்டலாம் என்பதுதான் அதன் பொருள். அந்த நாட்டின் எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் வேலையின்போது நேரும் சாவுகளுக்கு முதல் காரணம் சாலை விபத்து. கிணறு வெடிப்பதைவிட, கிணற்றுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் செத்தவர்கள் அதிகம். சட்டம் எழுதி வைத்த நாட்டிலேயே காத்திருப்பை வேலை என்று ஒத்துக்கொள்ளாமல் விட்டால் இப்படி ஆகிறதென்றால், ஓட்டுநரின் நேரத்தை யாருமே எழுதிவைக்காத நம் சாலையைப் பற்றிக் கவலைப்படாமல் எப்படி இருப்பது?

ப்ரோமுக்குப் பிற்பகல் வந்து சேர்ந்தோம். தம்பி மூன்று மணி நேரம் தூங்கினார்; நான் காவலுக்கு உட்கார்ந்தேன், ஸ்பேர் தன் தாயைப் பார்த்துவிட்டு வரப் போனான்.

டிசம்பர் 12, வியாழன். மாக்வே

இரவோடு இரவாக அவுங்லான், சின்பாவுங்வே வழியாக வடக்கே ஏறினோம். ப்ரோமைத் தாண்டிச் சில மணி நேரத்தில் நெல் வயல்கள் விலகி, பனை மரமும் கடலைக் கொல்லையும் எள்ளுக் காடுமாக வறண்ட பூமி தொடங்கிவிடுகிறது. டிசம்பர்க் குளிர் அங்கே எலும்பைத் தொடுகிறது. விடியும் நேரத்தில் மாக்வே பெட்ரோல் பங்கின் வாசலில் நின்றோம். எட்டரை மணிக்குத்தான் மேலாளர் வந்தார்.

இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் ஆற்றாமையைத் தந்தது இங்கே நடந்ததுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இறக்குமுன் தொட்டிக்குள் அளவுகோல் விட்டு மட்டம் பார்ப்பது வழக்கம். ஸ்பேர் கோலின்மேல் பசையைத் தடவி இறக்கினான். எடுத்துப் பார்த்தபோது மேலாளரும் தம்பியும் ஒரே கோட்டில்தான் விரல் வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் 34 கேலன் குறைவு. வழியில் ஆவியாவதற்கென்று 10 கேலன் வரை விட்டுக்கொடுப்பது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. மீதி 24 கேலன், அதாவது 109 லிட்டர் பெட்ரோல், ஓட்டுநர் கணக்கில் எழுதப்பட்டது. அந்தப் பங்கில் ஒட்டியிருந்த விலை லிட்டர் 900 சாட். மொத்தம் 98,000 சாட்டுக்கு மேல். பயணக் கூலி 60,000 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

தம்பி ஒன்றும் திருடவில்லை. திலாவாவில் வைத்த முத்திரை அறுபடாமல் இருந்ததை மேலாளரே தன் கையால் தொட்டுப் பார்த்தார். மூடியைத் திறக்காமல் பெட்ரோல் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை, சுருங்கிவிட்டது. எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். பெட்ரோலுக்கு இது ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. டீசலுக்குச் சற்றுக் குறைவு. 5,000 கேலன் பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 5 கேலன் அளவில் குறைந்து தெரியும். எடை அப்படியே இருக்கும். எரித்தால் வரும் சக்தியும் அப்படியே இருக்கும். கோலில் மட்டும் குறையும். வெயில் காய்ந்த திலாவாத் தொட்டியிலிருந்து சூடாக ஏற்றிக்கொண்டு, இரண்டு குளிர் இரவுகள் ஓடி, மாக்வேயில் காலையில் அளந்தால் குறையாமல் என்ன செய்யும்?

உங்களிடம் வெப்பமானி இருக்கிறதா என்று மேலாளரிடம் கேட்டேன். இழுப்பறையில் ஒன்று இருந்தது, உறை பிரிக்காமலேயே. அவர் நல்ல மனிதர். என் வயதுக்கு மதிப்பு வைத்து, நூலில் கட்டி இறக்கச் சம்மதித்தார். சற்று நேரம் விட்டு எடுத்துப் பார்த்தோம்: 26 டிகிரி. ஏற்றிய சீட்டில் 33. ஏழு டிகிரிக்கு 35 கேலன். கோல் காட்டிய குறைவு 34.

அவர் அந்த எண்களை இரண்டு முறை பார்த்தார். பிறகு, "எனக்குப் புரியுது சயா. ஆனா என் முதலாளி கேலன்தான் கேப்பார், டிகிரி கேக்க மாட்டார்" என்று பர்மிய மொழியில் சொன்னார். குறைவு எழுதிய தாளில் மாற்றம் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. என் வேண்டுகோளுக்காக 26 டிகிரி என்பதை மட்டும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கே நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பெரிய எண்ணெய் கம்பெனிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குத் திருத்திய அளவைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கென்று அட்டவணைகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. கப்பலிலிருந்து தொட்டிக்கு இறங்கும்போது அந்தத் திருத்தம் உண்டு. தொட்டியிலிருந்து பவுசருக்கு ஏறியவுடன் அது மறைந்துவிடுகிறது. பணம் உள்ளவர்கள் இருவருக்கிடையில் இருக்கும் நியாயமான கணக்கு, கூலிக்காரர் ஒருவர் நடுவில் வந்ததும் கைவிடப்படுகிறது. கோடையில் இதே வழியில் எண்ணெய் விரிந்து மிகுதியாகத் தெரிந்த நாட்களும் உண்டு என்று தம்பி சொன்னார். அந்த மிகுதி யாருக்குப் போனது என்று கேட்டேன். பெட்ரோல் பங்குக்குத்தான் என்றார்.

தம்பிக்கு அந்த 98,000 சாட்டை நான்கு பயணங்களில் பிடித்துக்கொள்வார்கள். அவருடைய மூத்த மகள் வரும் மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள். அதற்குத் தனிப்பாடம் வைத்திருக்கிறார்கள். வாசலில் விடைபெறும்போது அவர் அதைப் பற்றித்தான் பேசினார். காலியான வண்டியோடு அவர் தெற்கே திரும்பினார். அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவதாக ஏற்பாடு.

டிசம்பர் 13, வெள்ளி. ஏனாஞ்சாங்

மாக்வேயிலிருந்து லைன் பஸ்ஸில் வந்தேன். ஐராவதிக் கரையில் மேடும் பள்ளமுமாக, மண்ணரித்த ஓடைகளுக்கு நடுவில் இந்த ஊர் கிடக்கிறது. இங்கே எண்ணெய் எடுத்ததற்கு மிகப் பழைய வரலாறு உண்டு. 1795இல் ஆவா அரசவைக்குத் தூது வந்த மைக்கேல் சைம்ஸ் இந்தக் கிணறுகளை எழுதிவைத்தார். அப்போது கையால் தோண்டிய கிணறுகள். கிணற்று உரிமை 24 குடும்பங்களிடம் இருந்தது. 1886இல் பர்மா ஆயில் கம்பெனி வந்த பிறகு இயந்திரத் துளைகள் வந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று ஆங்கிலேயர் இந்த வயல்களைத் தாங்களே அழித்தார்கள்; அதற்கு முந்தைய மாதம் சிரியம் ஆலையையும் கொளுத்தியிருந்தார்கள். அந்த வேலைகளில் இருந்த இந்தியத் தொழிலாளர்கள் பலர் பிறகு நடந்தே எல்லை கடந்தவர்கள்.

இன்றும் இங்கே அரசாங்கக் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே தனியார் சின்னக் கிணறுகள் உள்ளன. மூன்று கம்பங்களைக் கூம்பாக நட்டு, பழைய வண்டியின் எஞ்சினால் கயிற்றை இழுத்து எண்ணெயை மொண்டு எடுக்கிறார்கள். அதைப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் நிரப்பி, முன்னால் சிறு எஞ்சின் பூட்டிய டோலாஜி வண்டியிலும் சின்ன லாரியிலும் ஏற்றுகிறார்கள். அந்த லாரிக்காரர்கள் சிலரோடு மத்தியானம் பேசினேன். எல்லாரும் பர்மியர்கள், எனக்குப் பாஷை பிரச்சினையில்லை. அவர்களுக்குக் கூலி பீப்பாய்க் கணக்கில். கிணறு அன்றைக்கு எண்ணெய் தராவிட்டால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். பீப்பாய்களுக்கு மூடி சரியாக இல்லை, வண்டிக்குள் கச்சா எண்ணெய் வழிந்து கிடக்கிறது, ஓட்டுபவர் காலில் ரப்பர்ச் செருப்பு. ஒருவருடைய கணுக்கால் வரை தோல் கறுத்து வெடித்திருந்தது. எண்ணெய்க் கறை என்று நினைத்தேன். கழுவினாலும் போகாத புண் அது.

மழைக்காலத்தில் இந்த ஓடைகளில் திடீரென வெள்ளம் வந்து வண்டியோடு ஆளை இழுத்துப் போவதுண்டு என்றார்கள். அப்போது குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் இன்னும் இந்த நாட்டில் நடப்பில் இருக்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கிணற்றுக்காரர் சவ அடக்கச் செலவு கொடுப்பார் என்றார்கள்.

டிசம்பர் 14, சனி. சௌக்

சௌக்கில் ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்தித்தேன். வயது 78. எண்ணெய்த் தொழில் 1963இல் அரசுடைமையான பிறகு அதில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்து ஓய்வுபெறும்வரை அதே வேலையில் இருந்தவர். வீட்டில் பிள்ளைகள் பர்மிய மொழியே பேசுகிறார்கள். என்னைக் கண்டதும் அவர் "வாங்க தம்பி, உக்காருங்க, தமிழ்ல பேசி மாசமாச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் ஒன்றுதான் இந்தப் பயணம் முழுவதற்கும் பொருளாக எனக்குத் தெரிகிறது. அவர் காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. காலையில் சாவியை வாங்கும்போது மணி எழுதுவார்கள். மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மணி எழுதுவார்கள். இடையில் வண்டி ஓடியதா, கிணற்றடியில் நின்றதா என்று யாரும் கேட்டதில்லை. சாவி கையில் இருந்த நேரம் எல்லாம் வேலை நேரம்.

"நின்னா என்ன, ஓடினா என்ன? நான் வீட்லயா இருந்தேன்?" என்றார் பெரியவர்.

சம்பளம் சொற்பம்தான், அரிசியும் எண்ணெயும் ரேஷனில் வந்ததால் காலம் ஓடியது என்றும் அவரே சொன்னார். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கும் விருப்பமில்லை. 1964இல் கடைகள் பறிபோய் நம்மவர்களில் பல்லாயிரம் பேர் கப்பலேறியதும் அதே ஆட்சியில்தான். ஆயினும் காத்திருப்பை வேலையாக எழுதுவது நடக்காத காரியம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. 1951ஆம் ஆண்டு எண்ணெய் வயல் தொழிலாளர் நலச் சட்டம் எட்டு மணி நேர வேலையைச் சொல்லி, அரசாங்க வயல்களில் அதன்படி புத்தகம் வைத்திருந்தார்கள்.

அந்தச் சட்டம் தானாக வந்ததும் அல்ல. 1938 ஜனவரியில் இதே சௌக்கில் பர்மா ஆயில் கம்பெனித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கம்பெனி இறங்கி வராததால் நவம்பர் 30 அன்று தக்கின் போ லா ஜி தலைமையில் ரங்கூனை நோக்கி நடக்கத் தொடங்கி, மாக்வேயில் தடுக்கப்பட்டும் விடாமல், 1939 ஜனவரி 8 அன்று தலைநகர் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவருடைய தகப்பனார் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவராம். அதே 1938 ஜூலையில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம் மூண்டபோது, பகலில் தோழர்களோடு நின்ற அவர் இரவில் வீட்டுக் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தார் என்று தாய் சொல்லக் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் மிகை நேரக் கூலியை உறுதிசெய்த நியாய உழைப்புத் தரச் சட்டம் வந்ததும் அதே 1938இல்தான். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர்களில் பெரும்பாலோரை அந்தச் சட்டம் மிகை நேரக் கூலிக்கு வெளியே விட்டது; இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. ஓட்டுநரின் நேரத்தை எண்ணாமல் விடுவது ஒரு நாட்டின் பழக்கமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாலையில் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். மறுபடி திலாவா வாசலில் வரிசையில் நிற்கிறார். ஓட்டுநர்கள் கேட்க வேண்டியவை என்று நான் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பைத் தேநீர்க் கடையில் மற்ற ஓட்டுநர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அதில் இருப்பவை இவை: வாசலில் சீட்டு வாங்கும் மணியையும் வெளியேறும் மணியையும் எழுத வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் ஓட்டுநருக்கும் ஸ்பேருக்கும் மணிக்கு 600 சாட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், இறக்கும் இடத்தில் கோலோடு வெப்பமானியும் விட வேண்டும், வெப்பநிலைத் திருத்தம் செய்யாமல் கூலியில் பிடிக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் எழுத்து மூலமான வேலை ஒப்பந்தத்தைக் கையில் தர வேண்டும். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்வதால் சமூகப் பாதுகாப்பில் பதிவு செய்து, கூலியில் 2 சதவீதம் இவர்களும் 3 சதவீதம் முதலாளியும் கட்ட வேண்டும். கடைசியில் சொன்ன இரண்டும் ஏற்கனவே சட்டத்தில் இருப்பவை.

2011ஆம் ஆண்டுத் தொழிலாளர் அமைப்புச் சட்டப்படி ஒரு அடிப்படைச் சங்கத்துக்கு 30 பேர் வேண்டும். ஒரு முதலாளியிடம் அத்தனை பேர் இல்லையென்றால், அதே தொழிலில் உள்ள வேறு முதலாளிகளின் ஆட்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. எட்டு எட்டாகப் பிரிந்து கிடப்பவர்களுக்கு இந்த ஒரு பிரிவு பெரிய பிடிமானம். இன்று மாலை வரை 22 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் ஸ்பேர்கள், பெரும்பாலும் பர்மியப் பையன்கள். தாளைப் பர்மிய மொழியிலும் எழுதித் தர முடியுமா என்று தம்பி கேட்டார். இன்று இரவு பெரியவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டு, நாளைக் காலை ரங்கூன் பஸ் பிடிக்கிறேன்.